பழைய பாத்ரூம் வேலைக்கு இப்ப கேஸ் போட்டுட்டாங்க, யாராவது வழி சொல்லுங்க

டைல்ஸ்_தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். நான் சின்ன அளவுல வீட்டு ரிப்பேர் வேலை எடுத்து பண்றவன், கம்பெனி கிம்பெனி எதுவும் கிடையாது, எல்லாமே என் பேர்லதான். ரெண்டு வருஷம் இருக்கும், ஒரு அடுக்குமாடி வீட்டுல பாத்ரூம் தரையை முழுசா பேத்து, வாட்டர் ப்ரூஃப் கோட்டிங் அடிச்சு, புது டைல்ஸ் போட்டுக் குடுத்தேன். முடிச்ச அன்னிக்கு வீட்டுக்காரர் "சூப்பரா இருக்கு தம்பி"ன்னு வாட்ஸ்அப்ல போட்டோவோட மெசேஜ் போட்டார், பாக்கி பணமும் அன்னிக்கே வந்துடுச்சு. அதுக்கப்புறம் ஒரு போன் கூட இல்ல. போன மாசம் திடீர்னு வக்கீல் நோட்டீஸ், இப்ப கோர்ட்ல இருந்து சம்மன். கீழ் வீட்டு சீலிங் ஊறி பெயிண்ட் உரியுதாம், அவங்க அலமாரி வீங்கிப் போச்சாம், முழு பாத்ரூமையும் இடிச்சு மறுபடி கட்ற செலவு, கீழ் வீட்டு செலவு, அது போக மன உளைச்சலுக்கு தனியா ஒரு தொகை. பத்து வருஷம் கேரண்டின்னு நான் சொன்னேனாம். நான் அப்படி எதுவும் சொல்லல, கோட்டிங் கம்பெனியோட விளம்பர நோட்டீஸை பார்வேர்ட் பண்ணேன், அதுல பத்து வருஷம்னு அச்சடிச்சிருந்துச்சு, அவ்ளோதான். என் கொட்டேஷன்ல இருக்கறது ஒரே வரி, "பாத்ரூம் தரை வாட்டர் ப்ரூஃப் மற்றும் டைல்ஸ் வேலை". ராத்திரி தூக்கம் வரல. நேர்ல போய் பேசிப் பாக்கலாமா இல்ல அப்படியே விட்டுடலாமா?

சும்மா_வந்தேன்:
விடுங்க பாஸ், இதெல்லாம் மிரட்டல். ரெண்டு வாய்தா போகலன்னா அவங்களே அலுத்துப் போய் விட்டுடுவாங்க. அதுக்குள்ள வண்டி, வீடு எல்லாத்தையும் வீட்டம்மா பேருக்கு மாத்திடுங்க, கேஸ் தோத்தாலும் ஒண்ணும் புடுங்க முடியாது.

கருப்பு_கோட்டு:
மேல இருக்கற ரெண்டு யோசனையையும் தயவு செஞ்சு யாரும் எடுத்துக்காதீங்க. சம்மன் வந்தும் போகலன்னா அலுத்துப் போறது அவங்க இல்ல, கோர்ட்டுதான். ஒருதலைப்பட்சமா தீர்ப்பு எழுதிடுவாங்க, அவங்க சொன்னது அத்தனையும் மறுப்பே இல்லாம பதிவாயிடும், அப்புறம் அதை ரத்து பண்ண தனியா மனு போட்டு ஏன் வரலன்னு நம்பற மாதிரி காரணம் காட்டணும். சொத்தை மாத்தறது அதைவிட மோசம், கடன்காரனை ஏமாத்தறதுக்காக மாத்தின சொத்துன்னு கோர்ட் அந்த மாத்தத்தையே செல்லாதுன்னு சொல்லலாம், உங்க நாணயமும் அங்கயே போயிடும்.

தம்பி, முதல்ல சம்மன் என்னிக்கு கைக்கு வந்துச்சுன்னு கவர் மேலயே எழுதி வைங்க. பதில் போடற கெடு அன்னிலருந்து ஓடுது. கெடு ஊருக்கு ஊர், கோர்ட்டுக்கு கோர்ட் வேற. இந்தியாவுல நுகர்வோர் ஆணையம்னா 30 நாள், மிஞ்சிப்போனா இன்னும் 15 நாள், அதுக்கு மேல ஒரு நாள் கூட கிடையாதுன்னு சுப்ரீம் கோர்ட்டோட அஞ்சு நீதிபதி அமர்வு 2020-லயே சொல்லிட்டாங்க. சிவில் கோர்ட்னா 30 நாள், காரணம் காட்டி 90 நாள் வரைக்கும் வாங்கலாம். இங்கிலாந்துல 14 நாள், பேப்பர் கிடைச்சதுன்னு ஒப்புகை தாக்கல் பண்ணா 28 நாள். கனடாவுல ஒண்டாரியோன்னா 20 நாள். இங்க எழுதறவங்க எந்தெந்த நாட்டுல இருக்கீங்கன்னு தெரியாது, அவங்கவங்க பேப்பரை எடுத்து பாத்துக்கோங்க. ஒரு உள்ளூர் வக்கீலை இந்த வாரமே பாருங்க.

வழக்குப்_போட்டவன்:
நான் எதிர்ப்பக்கம். என் வீட்டு வேலை எடுத்த கான்ட்ராக்டர் மேல நானே கேஸ் போட்டிருக்கேன், அதனால திட்டறவங்க திட்டிக்கலாம். ஒழுகினதுக்காக நான் கோர்ட்டுக்கு போகல. ஒழுகுதுன்னு சொன்னப்ப அந்த ஆளு போனை எடுக்காம விட்டதுக்காகத்தான் போனேன். ஒரு தடவை வந்து எட்டிப் பாத்திருந்தா கூட நான் கேஸ் வரைக்கும் போயிருக்க மாட்டேன். தம்பி, உங்களுக்கு ஒரு போன் கூட வரலன்னு சொல்றீங்க, அது உண்மைன்னா உங்க கையில இருக்கற பெரிய துருப்பு அதுதான். எனக்கு சொல்லவே இல்ல, சொல்லியிருந்தா வந்து பாத்திருப்பேன்னு பதில்ல கட்டாயம் போடுங்க.

டைல்ஸ்_தம்பி:
நம்பர் அதேதான், மாத்தவே இல்ல. வக்கீல் நோட்டீஸ்தான் முதல் தகவல். அதுக்கு மட்டும் நான் பதில் போடல, என்ன எழுதறதுன்னு தெரியாம வச்சிருந்தேன். அவர் வாட்ஸ்அப் முழுசா இருக்கு, வேலை நடக்கும்போது எடுத்த போட்டோ பாதி போன்ல, பாதி கூட வேலை செஞ்ச பையன் கிட்ட.

கருப்பு_கோட்டு:
அந்த பையனோட போட்டோவை வாட்ஸ்அப்ல வாங்காதீங்க. வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பினா எடுத்த தேதி, நேரம், இடம்னு படத்துக்குள்ள பதிஞ்சிருக்கற விவரமெல்லாம் போயிடும், படம் மட்டும்தான் மிஞ்சும். கேபிள் போட்டு ஒரிஜினல் பைலா காப்பி பண்ணுங்க, அவர் போனையும் பத்திரமா வச்சிருக்கச் சொல்லுங்க. உங்க சாட்ல ஒரு வரியும் அழிக்காதீங்க, உங்களுக்கு பாதகமா இருக்கறதையும் சேர்த்துதான் சொல்றேன். எதிர்த்தரப்பு கிட்ட அந்த சாட்டோட இன்னொரு காப்பி இருக்கு, உங்க பக்கம் மட்டும் ஓட்டை விழுந்திருந்தா ஜட்ஜ் என்ன நினைப்பார்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

அந்த பத்து வருஷ விஷயம். பொருளுக்கு கம்பெனி குடுக்கற உத்தரவாதம் வேற, வேலைக்கு நீங்க குடுக்கற உத்தரவாதம் வேற. நோட்டீஸை பார்வேர்ட் பண்றப்ப கீழ "அண்ணே இனி கவலையே இல்ல" மாதிரி ஏதாவது எழுதியிருந்தீங்களான்னு பாருங்க. ஒண்ணும் எழுதலன்னா அது கம்பெனி பேச்சு. அதுக்காக தப்பிச்சுட்டோம்னும் நினைக்காதீங்க, கேரண்டின்னு வாயால சொல்லாட்டியும் வேலையை தொழில் தெரிஞ்சவன் செய்யற மாதிரி செஞ்சிருக்கணும்ங்கற கடமை எப்பவும் உண்டு, கேஸே அதுமேலதான் நிக்கும்.

ஓய்வு_பிளம்பர்:
எல்லாரும் சட்டம் பேசறீங்க, தண்ணி எங்க இருந்து வருதுன்னு ஒருத்தர் கூட கேக்கலயே. தம்பி, கீழ் வீட்டுல ஈரம்னா அது உன் கோட்டிங்தான்னு யாரு முடிவு பண்ணா? பாத்ரூம்ல தண்ணி போக நாலு வழி இருக்கு. சுவத்துக்குள்ள ஓடற பிரஷர் பைப், தரைக்கு கீழ கழிவு பைப், டிராப் வாயும் (தரைத் தண்ணி வெளிய இறங்கற ஓட்டை) தரையும் சேர்ற இடம், கடைசியா உன் கோட்டிங். இது நாலும் ஒழுகற விதம் வேற வேற.

ராத்திரி பகல் பாத்ரூமே யூஸ் பண்ணாத நேரத்துலயும் ஒரே மாதிரி சொட்டுதுன்னா பிரஷர் பைப். வீட்டுல எல்லா டேப்பையும் மூடிட்டு மீட்டரை பாரு, அந்த சின்ன சக்கரம் நகர்ந்துச்சுன்னா உள்ள எங்கயோ ஓடுது. குளிச்ச பிறகு மட்டும் ஈரம் கூடுதுன்னா தரையோ கழிவோ. மழைக்கு மட்டும் வருதுன்னா பாத்ரூமையே விட்டுடு, வெளிச் சுவத்தை பாரு.

தரையை சோதிக்க ஒரே வழி தண்ணி கட்டறது. டிராப் வாயை பிளக் வச்சு அடைச்சு, ரெண்டு விரல்கடை தண்ணி நிறுத்தி, சுவத்துல பென்சிலால மட்டத்தை கோடு போட்டு, குறைஞ்சது 24 மணி நேரம் விடணும். பக்கத்துலயே ஒரு பாத்திரத்துல தண்ணி வச்சு அதுலயும் கோடு போடணும், ஏன்னா ஆவியாப் போறதும் உண்டு. ரெண்டும் ஒரே அளவு குறைஞ்சா தரை நல்லா இருக்கு. தரைத் தண்ணி மட்டும் கூட இறங்கினா கோட்டிங் போச்சு. தண்ணி நின்னுச்சுன்னா அப்புறம் பிளக்கை எடுத்துட்டு கலர் தண்ணி ஊத்து, கீழ அந்த கலர் வந்தா கழிவு லைனோ டிராப் வாயோதான். இன்னொண்ணு, கீழ கறை இருக்கற இடத்துக்கு நேர் மேலதான் ஓட்டைன்னு நினைக்காத. தண்ணி கான்கிரீட் விரிசலுக்குள்ளயும் கரண்ட் பைப்புக்குள்ளயும் ஓடி எங்கயோ தலை காட்டும்.

சில பேர் டைல்ஸ் சந்துல அடைக்கற கிரவுட் உதிர்ந்திருக்கு, அதான் ஒழுகுதுன்னு சொல்லுவாங்க. சாதா சிமெண்ட் கிரவுட் வாட்டர் ப்ரூஃபே கிடையாது, அது வழியா கொஞ்சம் தண்ணி இறங்கத்தான் செய்யும், அடியில இருக்கற கோட்டிங்தான் அதை நிறுத்தணும். கிரவுட் போட்டோவை காட்டி கேஸ் பேசினா அது பேச்சே இல்ல.

டைல்ஸ்_தம்பி:
அண்ணே ரொம்ப நன்றி. நானே நாளைக்கு போய் இந்த டெஸ்ட் பண்ணிடட்டுமா?

கருப்பு_கோட்டு:
வேண்டாம்! தனியா போகாதீங்க. நீங்க தனியா பண்ற டெஸ்டை அவங்க ஒத்துக்க மாட்டாங்க, கோர்ட்டும் பெருசா மதிக்காது, கை பட்டு ஏதாவது உடைஞ்சா அதுவும் உங்க தலையில. வக்கீல் மூலமா எழுத்துல கேளுங்க: ரெண்டு தரப்பும் இருக்கும்போது, ரெண்டு பேரும் ஒத்துக்கற ஒரு இன்ஜினியர் வச்சு, வீடியோ எடுத்து சோதிக்கணும்னு. ஒத்துக்கலன்னா கோர்ட்லயே மனு போட்டு நிபுணரை நியமிக்கச் சொல்லலாம். அதே கடிதத்துல இன்னொரு வரி, சோதனை முடியற வரைக்கும் எதையும் இடிக்கக் கூடாது, அவசரம்னா முன்கூட்டி சொல்லிட்டு, போட்டோ எடுத்து, பேத்த துண்டை எடுத்து வைக்கணும்னு. வழக்குல சாட்சி அந்த தரைதான், அதை இடிச்சு குப்பையில போட்டுட்டா அப்புறம் வாய்ச்சண்டைதான்.

கீழ்வீட்டுக்காரி:
நான் இந்த கதையில வர்ற கீழ் வீடு மாதிரி ஒரு வீட்டுல இருந்திருக்கேன், அதனால எழுதறேன். மேல் வீட்டுக்காரர் கான்ட்ராக்டரை கை காட்டுவார், கான்ட்ராக்டர் பைப்பை கை காட்டுவார், நடுவுல என் பையன் படுக்கற ரூம் சீலிங்ல கருப்பு பூசணம். மாசக்கணக்கா வாளி வச்சு பிடிச்சிருக்கேன். தம்பி மேல கேஸ் போட்ட வீட்டுக்காரர் சும்மா பணம் பறிக்க வந்த மாதிரி இங்க பேச்சு போகுது, அப்படி இருக்கணும்னு இல்ல, கீழ இருக்கறவங்க அவரை தினம் கதவை தட்டியிருப்பாங்க. தம்பி, கீழ் வீட்டுக்காரங்களையும் போய் ஒரு தடவை கேளுங்க, எப்ப முதல்ல பாத்தாங்க, எப்பெப்ப அதிகமாகுதுன்னு. உண்மை அவங்களுக்குத்தான் தெரியும்.

வழக்குப்_போட்டவன்:
மேடம் சொல்றது சரி. ஆனா எப்ப முதல்ல பாத்தாங்கங்கறது தம்பிக்கு ரெண்டு பக்கமும் வெட்டும். வேலை முடிஞ்ச அடுத்த மாசமே ஈரம் வந்திருந்தா வேலை சரியில்லன்னு ஆகும். அதே சமயம் அப்பவே தெரிஞ்சும் ஒரு வருஷம் அந்த பாத்ரூமை அப்படியே யூஸ் பண்ணியிருந்தா, நஷ்டத்தை வளர விட்டதுக்கு அவங்களும் பொறுப்பு.

கருப்பு_கோட்டு:
ஆமா, நஷ்டத்தை முடிஞ்ச அளவு குறைக்கப் பாக்கணும்ங்கறது வழக்கு போடறவரோட கடமை. அந்த தேதிக்கு இன்னொரு வேலையும் இருக்கு, காலாவதி, அதாவது வழக்கு போடறதுக்கான கெடு. ஒப்பந்த வழக்குக்கு இந்தியாவுல பொதுவா 3 வருஷம், நுகர்வோர் ஆணையத்துக்கு 2 வருஷம். இங்கிலாந்து, சிங்கப்பூர், மலேசியா மூணுலயும் 6 வருஷம். ஒண்டாரியோவுல 2 வருஷம்தான், ஆனா அது குறை தெரிய வந்த நாள்ல இருந்து. ரெண்டு வருஷம் இருக்கும்னு தம்பி எழுதியிருக்கார், "இருக்கும்" போதாது, பாக்கி பணம் வந்த தேதியை பேங்க்ல எடுத்து வைங்க.

தொகையைப் பத்தியும் ஒண்ணு சொல்லணும், முழு பாத்ரூமையும் இடிச்சு கட்டணும்னு கேட்டா கோர்ட் அப்படியே தலையாட்டாது. 1995-ல இங்கிலாந்துல அப்ப கடைசி கோர்ட்டா இருந்த ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸ் பாத்த ரக்ஸ்லி வழக்கு ஒண்ணு உண்டு. நீச்சல் குளம் ஏழரை அடி ஆழம் வேணும்னு சொல்லி கட்டினாங்க, கட்டினவங்க அதைவிட கம்மியா விட்டுட்டாங்க, ஆனா குளிக்கவோ குதிக்கவோ அதனால ஒரு ஆபத்தும் இல்ல. இடிச்சு கட்ட குளத்துக்காரர் 21,560 பவுண்ட் கேட்டார், அது கிடைக்கல, கேட்ட மாதிரி கிடைக்காத குறைக்கு 2,500 பவுண்ட் மட்டும் குடுத்தாங்க. அமெரிக்காவுல அதுக்கும் முன்னால, 1921-ல நியூயார்க்ல நீதிபதி கார்டோசோ எழுதின தீர்ப்பு, ரீடிங்னு ஒரு கம்பெனி பைப்தான் போடணும்னு ஒப்பந்தம், தெரியாம வேற கம்பெனி பைப் போயிடுச்சு, தரம் ஒண்ணுதான். சுவரை உடைச்சு மாத்துன்னு சொல்ல மாட்டேன், மதிப்புல எவ்வளவு குறைஞ்சுதோ அவ்வளவுதான்னுட்டார். வேணும்னே ஏமாத்தினவனுக்கு இந்த சலுகை கிடையாதுன்னும் அதுலயே இருக்கு. ஆனா தம்பி, ஒழுகற தரை இது மாதிரி இல்ல, கோட்டிங் நிஜமாவே போயிருந்தா பேத்துதான் ஆகணும், அந்த செலவு நியாயம். டிராப் வாய் மட்டும்தான்னா அந்த ஒரு மூலையை சரி பண்ற செலவு. அதான் பிளம்பர் அண்ணன் சொன்ன டெஸ்ட்தான் மொத்த கேஸுமே. பழைய சாதா டைல்ஸுக்கு பதிலா இப்ப உசத்தி டைல்ஸ் போட்டு பில் நீட்டினா அந்த வித்தியாசமும் உங்க கணக்குல வராது.

பாலிசி_பாலு:
லேட்டா வந்து கேக்கறேன், உங்களுக்கு தொழில் பொறுப்பு இன்சூரன்ஸ் ஏதாவது இருக்கா? இருந்தா இன்னிக்கே அவங்களுக்கு எழுத்துல தெரியப்படுத்துங்க, நோட்டீஸ் வந்தவுடனே சொல்லியிருக்கணும்னு பாலிசியில இருக்கும், லேட் ஆனா அதையே காரணமா காட்டுவாங்க. அவங்களை கேக்காம தப்பு என்னுதுதான்னோ இவ்வளவு தர்றேன்னோ யார் கிட்டயும் சொல்லாதீங்க, அதனாலயே கிளெய்ம் போயிடும். பொதுவா உங்க வேலையை நீங்களே மறுபடி செய்யற செலவை பாலிசி தராது, ஆனா அந்த வேலையால கீழ் வீட்டுல ஆன சேதத்தை தரும். நிறைய பேர் முதல் பாதியை கேட்டுட்டு ரெண்டாவது பாதியை கேக்காமலே வந்துடறாங்க.

சும்மா_வந்தேன்:
சரி அந்த டைல்ஸ் போட்ட பையன் மேல தள்ளி விட்டுடலாம்ல? அவன்தான செஞ்சான்.

கருப்பு_கோட்டு:
வீட்டுக்காரர் வேலை குடுத்தது தம்பி கிட்ட. யாரை வச்சு செஞ்சார்ங்கறது தம்பி பாடு. அந்த பையன் தினக்கூலி, அவனை இழுத்து விடறதுல பிரயோஜனமும் இல்ல, கூட நிக்க வேண்டிய சாட்சியை நீங்களே எதிரியாக்கிக்கறீங்க.

டைல்ஸ்_தம்பி:
அவனை இழுக்கற எண்ணமே எனக்கு இல்ல. வக்கீலை பாத்தாச்சு, பதில் போட டைம் இருக்கு. இன்சூரன்ஸ் கிடையாது. பார்வேர்ட் பண்ண நோட்டீஸுக்கு கீழ நான் எழுதினது "பாத்துட்டு சொல்லுங்க சார்" மட்டும்தான். பையன் போன்ல இருந்து போட்டோ எடுத்தாச்சு, ரெண்டு கோட் அடிச்சதும், நாங்க அப்பவே தண்ணி கட்டி வச்சதும் தெளிவா இருக்கு. கூட்டு சோதனைக்கு கடிதம் போயிருக்கு.

ஓய்வு_பிளம்பர்:
அப்பவே தண்ணி கட்டின போட்டோ இருக்கா! அதை முதல்லயே சொல்ல வேண்டாமா. அந்த போட்டோவுல டிராப் வாய் தெரியுதா பாரு. கோட்டிங் டிராப் வாய்க்குள்ள இறங்கி மடிஞ்சிருக்கா, இல்ல ஓரத்தோட நின்னுடுச்சா? பாதி கேஸ் அந்த ஒரு இடத்துலதான் இருக்கும், அனுபவத்துல சொல்றேன்.

டைல்ஸ்_தம்பி:
பெரிசு பண்ணி பாத்தேன் அண்ணே. ஒரு பக்கம் இறங்கியிருக்கு, சுவர் பக்கம் தெரியல, பிளக் மறைக்குது.

டைல்ஸ்_தம்பி:
சோதனை முடிஞ்சது, கேட்டவங்களுக்காக எழுதறேன். அவங்க இன்ஜினியர், நான், ரெண்டு வக்கீலோட ஜூனியருங்க, கீழ் வீட்டுக்காரர் எல்லாரும் இருந்தோம். முதல்ல டேப் எல்லாம் மூடி மீட்டரை பாத்தப்பவே சக்கரம் மெதுவா நகர்ந்துச்சு, வீட்டுக்காரர் முகம் மாறிடுச்சு. கீசர்ல இருந்து வர்ற சுடுதண்ணி பைப், சுவத்துக்குள்ள, நான் கை வைக்காத இடம். அந்த லைனை மட்டும் தனியா அடைச்சதும் மீட்டர் நின்னுடுச்சு. அப்புறம் தண்ணி கட்டினோம், மறுநாள் வந்து பாத்தா தரையிலயும் பாத்திரத்துலயும் கோடு ஒரே அளவுதான் இறங்கியிருந்துச்சு, அதனால தரை கோட்டிங் நல்லா இருக்குன்னு எழுதிட்டாரு. கடைசியா பிளக்கை எடுத்து கலர் தண்ணி ஊத்தினப்ப கொஞ்ச நேரத்துல கீழ சிவப்பா ஒரு வரி இறங்குச்சு. டிராப் வாய் சுவர் பக்கம். டிராப் பழசுதான், ஆனா அதோட கோட்டிங்கை சேர்க்கற இடம் தரை வேலைக்குள்ள வரும்னு இன்ஜினியர் சொல்றாரு, என் வக்கீலும் அதை எதிர்த்து நிக்க முடியாதுங்கறாரு. ஆக ஈரத்துல பெரும்பங்கு பைப், ஒரு பங்கு டிராப். அறிக்கையில அளவு போடல, ரெண்டும் காரணம்னு மட்டும் இருக்கு.

வழக்குப்_போட்டவன்:
அப்ப சமரசம்தான் தம்பி. இதுக்கு மேல இழுத்தா வக்கீல் பீஸ் டிராப்பை விட ஜாஸ்தி ஆயிடும். வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?

டைல்ஸ்_தம்பி:
அவரே பேச்சை எடுத்தாரு. டிராப்பை சுத்தி இருக்கற டைல்ஸை பேத்து நானே சரி பண்ணித் தர்றது, கீழ் வீட்டு சீலிங் செலவுல ஒரு பங்கு நான், மிச்சம் அவர், பைப் அவர் செலவு, மன உளைச்சல் எல்லாம் கிடையாது. எனக்கு சம்மதம்தான். கையில குடுத்துட்டு முடிச்சுக்கலாமான்னு கேட்டாரு.

கருப்பு_கோட்டு:
கையில ஒரு பைசா குடுக்காதீங்க. சமரசத்தை எழுதி, கோர்ட்ல தாக்கல் பண்ணி, வழக்கு முடிஞ்சதுன்னு பதிவானாதான் முடிவு. இந்த வேலை சம்பந்தமா இனி எந்த கோரிக்கையும் இல்லன்னு இருக்கணும், குற்றத்தை ஒத்துக்கிட்டு இல்ல, தகராறை முடிக்கத்தான் இதுன்னும் ஒரு வரி. முக்கியமா கீழ் வீட்டுக்காரர். அவர் இந்த வழக்குல கட்சிக்காரர் இல்ல, நாளைக்கு அவர் தனியா உங்க மேல வர தடை இல்ல. அவரையும் கையெழுத்து போட வைங்க.

கீழ்வீட்டுக்காரி:
கையெழுத்து கேக்கறதுக்கு முன்னாடி பைப்பை மாத்துங்க. சீலிங் நல்லா காயாம பெயிண்ட் அடிச்சுட்டு போயிடாதீங்க, எங்க வீட்டுல அப்படி அடிச்சு ஒரே சீசன்ல மறுபடி உரிஞ்சுது.

டைல்ஸ்_தம்பி:
மேடம், பைப் வேலை நேத்தே ஆரம்பிச்சுட்டாங்க. சீலிங் காய்ஞ்ச பிறகுதான் கையெழுத்துன்னு கீழ் வீட்டுக்காரரும் நீங்க சொன்னதையேதான் சொன்னாரு, அதனால பத்திரத்துலயே போட்டுட்டோம்: ஈரம் எவ்வளவுன்னு மீட்டர் வச்சு பாத்துட்டு பெயிண்ட், பெயிண்ட் முடிஞ்சதும் என் பங்கு பணம் நேரா அவர் அக்கவுண்ட்டுக்கு, அதோட அவர் கையெழுத்து. அடுத்த வாய்தால தாக்கல். டிராப் சரி பண்ற அன்னிக்கு மறுபடி தண்ணி கட்டி எல்லாரையும் கூப்பிட்டு காட்டப் போறேன், பிளம்பர் அண்ணே, இந்த தடவை பிளக் வைக்கறதுக்கு முன்னாடியே சுவர் பக்கத்தை போட்டோ எடுத்துடறேன்.